சீடரை உருவாக்கிய சீடர்கள்

நீ இரண்டு பேரைச் சேர்த்துவிடு, அந்த இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்ப்பார்கள், பிறகு நீ காலாட்டிக்கொண்டே சம்பாதிக்கலாம். இந்த எம்.எல்.எம். வசனத்தைக் கேட்காத பி.காம். மாணவன் யாராவது உண்டா? கிறிஸ்தவ மதம் பரவிய வரலாற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது வகுப்பு நண்பன் ஒருவன், "மச்சி, அதுவும் ஒரு எம்.எல்.எம். தானேடா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி அப்படியொன்றும் மோசமில்லை. ஒருவர் சீடராகி, அவர் இன்னொருவரைச் சீடராக்கி, அவர் அடுத்தவரை... வடிவம் என்னவோ அதேதான். உள்ளே என்ன நடந்தது என்று பார்க்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் கடைசிப் பகுதியில், எல்லா இனத்தாரையும் சீடராக்கும்படி இயேசு தம்முடைய சீடர்களுக்குக் கட்டளை கொடுக்கிறார். 'போங்கள்' என்பதுதான் அங்கே பெரிய கட்டளை என்று பலரும் நினைக்கிறார்கள். கிரேக்க மூலத்தில் முதன்மை வினை 'சீடராக்குங்கள்' என்பதுதான். சீடர் என்பதற்கு அங்கே உள்ள சொல்லின் நேரடிப் பொருள் 'கற்றுக்கொள்பவர்'. நம் ஊர் புராட்டஸ்டண்ட் சபைகளின் பழைய வேதாகமத்தில் இது 'சீஷன்' என்று வரும். சிஷ்யன் என்ற அதே சொல்தான். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்திலும் இந்தச் சங்கிலி உண்டு. நீ என்னிடம் கேட்டதை நம்பிக்கைக்குரியவர்களிடம் ஒப்படை, அவர்கள் மற்றவர்களுக்குக் கற்பிக்கட்டும் என்கிறார். பவுல், தீமோத்தேயு, அந்த நம்பிக்கைக்குரியவர்கள், அந்த மற்றவர்கள் என்று ஒரே வாக்கியத்துக்குள் நான்கு தலைமுறை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்டளை காலாவதியாகிவிட்டது என்று ஐரோப்பாவிலேயே ஒரு கருத்து பலமாக இருந்தது. அது முதல் அப்போஸ்தலர்களுக்கு மட்டும் சொன்னது, நமக்கு இல்லை என்று பல புராட்டஸ்டண்டுகள் நினைத்தார்கள். இல்லை, இன்னும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது என்று வாதாடி வில்லியம் கேரி ஒரு சிறு நூலை இங்கிலாந்தில் வெளியிட்டார். ஆண்டு 1792. அதே 1792ல் லண்டனில் இன்னொரு சிறு வெளியீடும் வந்தது. சத்தியநாதன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றபோது செய்த பிரசங்கத்தின் ஆங்கில வடிவம். எஸ்.பி.சி.கே. என்ற சங்கம் அச்சிட்டது. அதாவது, நாம் போய்ச் சீடராக்க வேண்டுமா வேண்டாமா என்று அங்கே ஒருவர் வாதாடத் தொடங்கும்போது, இங்கே சீடர்கள் சீடர்களை உருவாக்கும் வேலை பல தலைமுறை தாண்டிவிட்டிருந்தது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த தற்செயல் இதுதான்.

சத்தியநாதன் யார் என்பதற்கு முன், சங்கிலியின் முதல் கண்ணிக்குப் போக வேண்டும். 1706 ஜூலையில் சீகன்பால்குவும் புளுட்சோவும் டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கினார்கள். சீகன்பால்குவுக்குத் தமிழ் தெரியாது. என்ன செய்தார்? வயதான திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். சீடராக்க வந்தவர் முதலில் ஒரு தமிழ் வாத்தியாருக்குச் சீடரானார். அந்த மணல் பாடத்தில் தொடங்கியதுதான் 1715ல் அச்சாகி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு. 1719ல் அவர் இறந்தபோது வயது 36.

அவரிடம் 1718ல் ஞானஸ்நானம் பெற்ற கடலூர் இளைஞர் ஆரோன், பிறகு உபதேசியாராகி 1733 டிசம்பரில் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் போதகர் அவர்தான். பாடப்புத்தகங்களில் இவர் பெயர் வரும். வராத ஒரு பெயர் ராஜநாயக்கன்.

ராஜநாயக்கன் தஞ்சை மன்னரின் படையில் சேவகம் செய்தவர். பிறப்பால் கத்தோலிக்கர், பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர். சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாட்டை வாசித்து மனம் மாறி, 1720களின் இறுதியில் தரங்கம்பாடிக்காரர்களோடு சேர்ந்தார். அப்போது ஐரோப்பிய மிஷனரிகள் தஞ்சை அரசுக்குள் இஷ்டம்போல் நுழைய முடியாது. அவர் நுழைந்தார். படைவீரர்களுக்கும் கிராமத்தாருக்கும் கற்பித்தார். பெரிய எதிர்ப்பு வந்தது, விடவில்லை. அடுத்த குருப்பட்டம் யாருக்கு என்ற பேச்சு வந்தபோது அவர் பெயரும் அடிபட்டது. ஆனால் அவர் கையால் இராப்போசனம் வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பயந்தார்கள். 1741ல் குருப்பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் 1771ல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். எல்லா இனத்தாரையும் சீடராக்கு என்ற கட்டளையை நிறைவேற்றக் கடல் தாண்டி வந்தவர்கள், ஒரு தெரு தாண்ட யோசித்திருக்கிறார்கள். 'அந்தக் காலம் அப்படி' என்று இதற்குச் சமாதானம் சொல்வதை நான் ஏற்கவில்லை. அதே காலத்தில்தானே அவரும் வாழ்ந்தார்?

இதற்குப் பிறகு வருகிறவர்தான் இந்தப் பதிவின் நாயகி. தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்திப் பிராமணக் கைம்பெண். பின்னாளில் குளோரிந்தா. கணவனின் சிதையிலிருந்து ஓர் ஆங்கிலேய அதிகாரி அவரைக் காப்பாற்றினார் என்ற கதை மிகப் பிரபலம். அ. மாதவையா இவரை வைத்து 1915ல் ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார். சிதைக் கதையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் மிச்சமிருப்பதே போதுமான அளவு விசித்திரம். அவர் லிட்டில்டன் என்ற கம்பெனிப் படை அதிகாரியோடு வாழ்ந்தார். திருமணம் நடக்கவில்லை. அந்த லிட்டில்டன்தான் அவருக்கு ஆங்கிலமும் கிறிஸ்தவ போதனையும் கற்றுக்கொடுத்தவர். சபை ஒழுங்குப்படி தானே சரியாக வாழாத ஒருவர் இன்னொருவருக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிறார்!

அப்போது தென்தமிழ்நாட்டில் பெரிய பெயர் ஷ்வார்ட்ஸ் ஐயர். 1750ல் வந்தவர், திருச்சியிலும் தஞ்சையிலும் வேலை செய்தவர், மன்னரிடமும் கம்பெனியிடமும் ஒரே சமயத்தில் மரியாதை சம்பாதித்தவர். அவரிடம் குளோரிந்தா ஞானஸ்நானம் கேட்டார். திருமணம் இல்லாமல் சேர்ந்து வாழும்வரை முடியாது என்று ஷ்வார்ட்ஸ் மறுத்துவிட்டார். அவர் பக்க நியாயம் புரிகிறது. ஆனால் திருமணம் செய்துகொள்ளும் முடிவு அந்தப் பெண்ணின் கையிலா இருந்தது? அதிகாரி கட்டாத தாலிக்கு அபராதம் கைம்பெண்ணுக்கு.

படை நகர, இருவரும் பாளையங்கோட்டைக்கு வந்தார்கள். லிட்டில்டன் இறந்தார். அதன்பிறகு 1778ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஷ்வார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த இடைப்பட்ட காலத்தில் குளோரிந்தா காத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் முக்கியம். ஞானஸ்நானம் மறுக்கப்பட்டிருந்த காலத்திலேயே தம்மைச் சுற்றியிருந்தவர்களுக்குக் கற்றதைச் சொல்லிக்கொண்டிருந்தார். உறுப்பினர் அட்டை கிடைக்கும் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டார். எம்.எல்.எம். நண்பன் கவனிக்க: இங்கே மேலே இருந்தவர் கதவைச் சாத்தியிருக்கிறார், கமிஷன் என்று எதுவும் இல்லை, இருந்தும் கீழே சங்கிலி வளர்கிறது.

1780ல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேடு தொடங்கப்பட்டபோது அதில் 40 பேர். பல சாதிக்காரர்கள். பிறகு குளோரிந்தா கோட்டைப் பகுதியில் ஒரு சிறிய கோயில் கட்டினார். ஆங்கிலேய அதிகாரிகளும் உதவினார்கள். 1785ல் ஷ்வார்ட்ஸ் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். திருநெல்வேலிச் சீமையின் முதல் புராட்டஸ்டண்ட் ஆலயம் அது. ஊரார் அதற்கு வைத்த பெயர் பாப்பாத்தியம்மாள் கோயில். அந்தப் பெயரில் இருக்கும் முரண்பாட்டைப் பாருங்கள். சாதியை விட்டு வெளியேறியவரை ஊர் கடைசிவரை சாதிப்பெயரால்தான் அழைத்தது.

கம்பெனிப் படை நிழலில் வளர்ந்த சபைதானே என்று கேட்கலாம். ஆமாம், மறுக்க முடியாது. நிலம், பணம், பாதுகாப்பு எல்லாவற்றிலும் கோட்டையின் நிழல் இருக்கிறது. ஆனால் அடுத்த கட்டம் கோட்டைக்கு வெளியே நடந்தது.

சபையை நடத்த நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும் என்று குளோரிந்தா தஞ்சையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படி அனுப்பப்பட்ட உபதேசியார்தான் நம் சத்தியநாதன். 1790 டிசம்பரில் தஞ்சையில் அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. லண்டனில் அச்சான பிரசங்கம் அப்போது செய்ததுதான். அதை அங்கே வாசித்தவர்களில் எத்தனை பேருக்கு, அதன் பின்னால் ஒரு கைம்பெண்ணின் விடாத கோரிக்கை இருக்கிறது என்று தெரிந்திருக்கும்!

சத்தியநாதனோடு உதவியாளராக வந்து சேர்ந்தவர் தாவீது சுந்தரானந்தம். சாத்தான்குளம் பக்கத்து நாடார் இளைஞர். வீட்டை விட்டுப் போய், தஞ்சையில் கிறிஸ்தவராகி, பிறகு சொந்த ஊர்ப்பக்கம் அனுப்பப்பட்டவர். தொலைந்த பையன் திரும்பி வந்தால் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கூடிவிட்டார்கள். பேசியதைக் கேட்டார்கள். சில குடும்பங்கள் 1797ல் ஞானஸ்நானம் பெற்றன. உடனே பகையும் வந்தது. ஊருக்குள் நிம்மதியாக இருக்க முடியாமல் போகவே, 1799ல் தனியாக நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அந்தக் குடியிருப்புக்கு வைத்த பெயர் முதலூர். பெயரே வரலாறு சொல்கிறது. தாவீது கொஞ்சம் முரட்டு ஆள்தான். அடிக்க வந்தவர்களைத் தடுக்கக் கம்பு பிடித்த ஆட்களைத் திரட்டினார் என்கிறார்கள். சாந்தமே வடிவான சீடர் என்று அவரைப் படம் வரைய முடியாது. 1806 வாக்கில் அவர் கதை முடிகிறது. விஷம் வைத்துக் கொல்லப்பட்டார் என்றே அந்தப் பக்கத்தில் நம்பப்படுகிறது. குளோரிந்தா இறந்ததும் அதே 1806ல்தான்.

அதே ஆண்டில் இன்னும் தெற்கே ஒரு புதுக்கிளை விட்டது. திருவிதாங்கூர் அரசில் இருந்த மயிலாடியைச் சேர்ந்த மகராசன், ராஜநாயக்கன் பிறந்த அதே சமூகத்தவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், வழியில் தஞ்சையில் இருந்த உறவினர்களைப் பார்க்கப் போய் அங்கே ஒரு பிரசங்கத்தைக் கேட்டார். கோல்ஹாப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பித் தம் மக்களுக்குத் தாமே கற்பித்தார். பிறகு எங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டார். அப்படித்தான் லண்டன் மிஷனரி சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806ல் மயிலாடிக்கு வந்தார். மிஷனரி போய்ச் சீடரைத் தேடவில்லை. சீடர்தான் மிஷனரியை வரவழைத்தார். 1816ல் உடல்நலம் கெட்டு ரிங்கல்தௌபே புறப்பட்டபோது, சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்டது இவருக்குக் கிடைக்க முக்கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது. கப்பலேறிய ரிங்கல்தௌபே என்ன ஆனார் என்பது இன்றுவரை மர்மம். அடுத்த மிஷனரி மீட் வந்து பொறுப்பேற்ற 1818 வரை வேதமாணிக்கம்தான் பார்த்துக்கொண்டார்.

இந்தப் பக்கம் திருநெல்வேலியிலும் அதே நிலைமைதான். 1806க்குப் பிறகு பத்து வருஷம் அங்கே தங்கி வேலை செய்த ஐரோப்பிய மிஷனரி அநேகமாக இல்லை. பணமும் சரியாக வரவில்லை. 1811ஐ ஒட்டிப் பரவிய கொடிய காய்ச்சலில் ஏராளமானோர் செத்தார்கள். பயந்து பழைய வழிக்குத் திரும்பியவர்களும் நிறைய. கணக்குப் பாடம் படிக்கிறவன் என்ற முறையில் சொன்னால், மூடிவிட வேண்டிய கிளை அது. 1816ல் படைக் குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹாஃப், என்ன மிச்சமிருக்கிறது என்று ஊர் ஊராக விசாரித்தார். சிதறிக் கிடந்த கிராமங்களில் சுமார் 3,000 கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். நாட்டுப் போதகரும் உபதேசிமார்களும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த உபதேசிமார்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் கண்ணில் படவில்லை.

ஹாஃப் கேட்டுக்கொண்டதன் விளைவாக 1820ல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வருகிறார். அங்கிருந்து தொடங்குவது வேறு கதை. சண்டை, பிரிவினை, இலக்கணப் புத்தகம் எல்லாம் உண்டு. செமஸ்டர் முடியட்டும், எழுதுகிறேன்.