சைக்கிள் கத்துக்கொடுத்த ஊரும், சொல்லிக்கொடுக்க ஆளில்லாத லினக்ஸும்

1991-ல ரெண்டு விஷயம் நடந்தது. ஒன்னுக்கொன்னு எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஹெல்சிங்கியில லினஸ் டோர்வால்ட்ஸ்னு ஒரு 21 வயசுப் பையன், பொழுதுபோக்கா ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிட்டிருக்கேன்னு ஆகஸ்ட் 25-ம் தேதி அறிவிச்சான். அதே வருஷம் எங்க புதுக்கோட்டையில, கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்துல பெண்களுக்கு எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக்கொடுக்கலாம்னு முடிவு பண்ணினாங்க.

சைக்கிள் கதை உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். பி. சாய்நாத் எழுதி உலகத்துக்கே தெரிஞ்சது. கல்குவாரியில உடைக்கிறவங்க, வயல் வேலைக்குப் போறவங்க, அங்கன்வாடி ஊழியர்னு ஒரு லட்சம் பெண்களுக்கு மேல கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கடையில தீர்ந்துபோய், ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினாங்க. நடு பார்ல குழந்தையை உக்காரவெச்சுக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டு. முத்துபாஸ்கரன் எழுதின சைக்கிள் பாட்டு ஊர் ஊராப் போச்சு. எனக்கு இதுல முக்கியமாப் படுறது வேற ஒன்னு. நேத்து கத்துக்கிட்டவங்க இன்னைக்கு வந்து அடுத்தவங்களுக்கு சீட்டைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி ஓடினாங்க. சைக்கிளை மட்டும் வீட்டு வாசல்ல இறக்கிட்டுப் போயிருந்தா, பாதி சைக்கிள்ல வீட்டு ஆம்பளைங்கதான் டீக்கடைக்குப் போயிருப்பாங்க :-)

லினக்ஸ் ஏன் நம்ம பக்கம் நிக்கலைன்னு பேச்சு வந்தா பில் கேட்ஸைத் திட்டுறது வழக்கம். என் கட்சி வேற. சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓட ஆள் வரலை, அவ்வளவுதான்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1969-ல பெல் லேப்ஸ்ல கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸை ஆரம்பிச்சாங்க. அவங்க கம்பெனி ஏடி அண்ட் டி-க்கு அமெரிக்க அரசோட 1956-ல ஒரு வழக்கு உடன்பாடு. டெலிபோனைத் தவிர வேற தொழில்ல இறங்கக்கூடாது. அதனால யுனிக்ஸைக் கடைச்சரக்கா விக்க முடியலை. பல்கலைக்கழகங்களுக்கு சோர்ஸ் கோடோட ரொம்பக் குறைஞ்ச காசுக்குக் கொடுத்தாங்க. ஆஸ்திரேலியாவுல ஜான் லயன்ஸ்னு ஒரு வாத்தியார், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துல, ஆறாம் பதிப்பு யுனிக்ஸோட கோடை வரி வரியா எடுத்து உரை எழுதி வகுப்புல பாடம் நடத்தினார். நம்ம ஊர்ல குறளுக்கு உரை சொல்ற மாதிரி.

1979-ல ஏழாம் பதிப்பு வந்தப்ப, லைசென்ஸ்ல ஒரு வரி சேர்ந்துச்சு: சோர்ஸ் கோடை வகுப்புல பாடமா நடத்தக்கூடாது. லயன்ஸோட உரை அதுக்கப்புறம் ஜெராக்ஸ் மேல ஜெராக்ஸா திருட்டுத்தனமா சுத்தி, 1996-லதான் முறையாப் புத்தகமா அச்சானது. ஆம்ஸ்டர்டாம்ல ஆண்ட்ரூ டானன்பாம், 'இதை நடத்தக்கூடாதுன்னா நானே ஒன்னு எழுதிக்கிறேன்'னு உக்காந்து மினிக்ஸ் எழுதி, 1987-ல பாடப்புத்தகத்தோட வெளியிட்டார். அந்தப் புத்தகத்தைப் படிச்சுட்டு வந்தவர்தான் டோர்வால்ட்ஸ். நடுவுல 1983-ல ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவிச்சு, கம்பைலர்ல இருந்து எடிட்டர் வரைக்கும் எழுதிவெச்சிருந்தார். கெர்னல்தான் பாக்கி. 1992-ல லினக்ஸ் ஸ்டால்மனோட ஜிபிஎல் லைசென்ஸுக்கு மாறினதும் ரெண்டும் ஒட்டிக்கிச்சு.

ஆக, இந்தக் கதையில வாத்தியாருங்கதான் ஜாஸ்தி. யாரோ பாடம் நடத்தினாங்க, யாரோ நடத்தக்கூடாதுன்னாங்க, யாரோ மறுபடி நடத்தினாங்க. எதிர்ப்பக்கம் 1976 பிப்ரவரியில, 20 வயசு பில் கேட்ஸ், பொழுதுபோக்கு கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். எங்க பேசிக்கைக் காசு கொடுக்காமக் காப்பி அடிக்கிறீங்கன்னு புகார். அவர் பக்கமும் நியாயம் இருக்கு, ராத்திரி பகலா எழுதினவன் வயித்தெரிச்சல் அது. ஆனா நம்ம ஊர்ல விண்டோஸ் வேர் விட்டதே அந்தக் காப்பியாலதானே! சிடியில எழுதிக் கொடுத்தாங்க, கூடவே சொல்லியும் கொடுத்தாங்க. கீழ ராஜ வீதிப் பக்கம் எந்த டிடிபி கடைக்குப் போனாலும் பேஜ்மேக்கர் தெரிஞ்ச ஒரு அண்ணன் இருப்பார். அவர்கிட்ட ஒரு பையன் எடுபிடியாச் சேர்ந்து, ஆறு மாசத்துல கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அளவுக்கு வந்துடுவான். பாமினி, வானவில்னு அவனுக்குப் பழகின ஃபான்ட் எல்லாம் விண்டோஸுக்கு. கடையை லினக்ஸுக்கு மாத்துன்னா, தன்னோட பத்து வருஷ ஃபைலை எல்லாம் தூக்கிப்போடுன்னு அர்த்தம். தமிழக அரசே யுனிகோடை ஏத்துக்கிட்டது 2010-லதான். அதுக்குள்ள ஃபான்ட் யுத்தத்துல விண்டோஸ் ஜெயிச்சாச்சு.

இப்ப அரசாங்கம் வழியா வந்த லினக்ஸுக்கு வருவோம்.

சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிர்வாக இயக்குநரா இருந்தப்ப, 2006-க்கு அப்புறம், எல்காட்டை சூசே லினக்ஸுக்கு மாத்தினார். செலவும் வைரஸ் தொல்லையும் காரணம். அப்புறம் அரசுப் பள்ளிகளுக்குப் போற கம்ப்யூட்டருக்கும் அதுவே போச்சு. இந்தியாவுல ஒரு மாநில அரசு நிறுவனத்துக்குள்ள இருந்துக்கிட்டு இவ்வளவு தூரம் போன அதிகாரிகள் ரொம்பக் கம்மி. அந்தத் துணிச்சலுக்கு ஒரு வணக்கம் வெச்சுட்டுத்தான் குறை சொல்லணும். குறை என்னன்னா, ஆர்டர் சென்னையில போட்டாச்சு, அறந்தாங்கி பக்கம் ஒரு ஸ்கூல்ல அந்தப் பொட்டியை யார் சொல்லிக்கொடுப்பாங்க?

பாடப்புத்தகம் இன்னொரு கூத்து. ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் தொகுதி ஞாபகம் இருக்கா மக்கா? ஸ்டார் ஆபீஸ்! நான் 2014-ல எழுதின பரீட்சையும் அதுலதான். மெனுவுல எத்தனாவது ஆப்ஷன்னு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினோம். ஸ்டார் ஆபீஸ் ஒரு ஜெர்மன் கம்பெனியோட சரக்கு. 1999-ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, அடுத்த வருஷம் அதோட கோடைத் திறந்துவிட்டதுதான் ஓப்பன் ஆபீஸ். 2010-ல சன்னையே ஆரக்கிள் வாங்கிடுச்சு, அடுத்த வருஷமே ஸ்டார் ஆபீஸ் கதை முடிஞ்சது. நாங்க செத்துப்போன ஒரு மென்பொருளை, அதுவும் திறந்த தம்பியை விட்டுட்டு மூடின அண்ணனைப் படிச்சோம். 2018-ல புதுப் பாடத்திட்டம் வர்ற வரைக்கும் இதுதான் நிலைமை.

லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல ஆரம்பிச்சது. அடுத்த மாசம் 5-ம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்தார், உலகமே அழுதது. ஒரு வாரம் கழிச்சு 12-ம் தேதி டென்னிஸ் ரிட்சி போய்ச் சேர்ந்தார். ரெண்டாவது பக்கத்துல கூட நியூஸ் வரலை. அம்மா படம் ஒட்டின அந்த லேப்டாப்ல, விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ரெண்டுமே இருந்தது. பாஸ்ங்கிறது சி-டாக் டெபியனை அடிப்படையா வெச்சு உருவாக்கினது, 2007 ஜனவரியில வெளிவந்தது. தமிழ்லயும் மெனு வரும்.

எங்க செட்ல அதுக்கு நடந்ததைச் சொல்றேன். பொட்டியை ஆன் பண்ணினா எதுல போகணும்னு கேக்கும். விண்டோஸ்னு அமுக்குவோம். ஒரு மாசத்துல யாராவது ஒரு சீனியர், 'இது எதுக்குடா இடத்தை அடைச்சுக்கிட்டு'ன்னு அந்தப் பார்ட்டிஷனை அழிச்சு, படம் ஏத்த இடம் பண்ணிக்கொடுப்பார். ஸ்கூல்ல பாஸைத் திறந்து காமிச்சவங்க யாரும் இல்லை. அந்த சீனியர்தான் எங்களுக்குக் கிடைச்ச ஒரே வாத்தியார், அவருக்குத் தெரிஞ்சது விண்டோஸ்.

இதுல வார்த்தைக் குழப்பம் வேற. இங்கிலீஷ்ல 'ஃப்ரீ'ன்னா காசில்லாததா சுதந்திரமானதான்னு ஸ்டால்மன் இத்தனை வருஷமா விளக்கம் சொல்லிட்டிருக்கார். தமிழ்ல அந்தச் சிக்கலே கிடையாது. கட்டற்றது வேற, இலவசம் வேற. ஆனா நம்ம கைக்கு அது வந்தது 'விலையில்லா மடிக்கணினி'க்குள்ள. எல்லாமே விலையில்லாததா இருக்கும்போது, விண்டோஸுக்கும் பாஸுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு பதினேழு வயசுக்காரனுக்கு எப்படிப் புரியும்? காசு கொடுத்து வாங்குறவனுக்குத்தான் விலைப்பட்டியல் உறைக்கும்.

பக்கத்து மாநிலத்தைப் பார்த்தா வயிறு எரியுது. கேரளாவுல 2001-ல ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம். முதல்ல விண்டோஸாத்தான் இருந்தது, ஆசிரியர் சங்கம் எதிர்த்துச்சு. படிப்படியா லினக்ஸுக்கு வந்தாங்க. வாத்தியாருங்களுக்கு வாத்தியாருங்களே பயிற்சி கொடுத்தாங்க. பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வே கட்டற்ற மென்பொருள்ல நடந்தது. பள்ளிக்கூடத்துக்குன்னு தனி லினக்ஸ் தொகுப்பையும் மாநிலமே தயாரிச்சுக்கிட்டது. அவங்க பண்ணினது புதுக்கோட்டை சைக்கிள் ஃபார்முலாதான், நாமதான் அதை மறந்துட்டோம்.

'லினக்ஸ் எங்கே தோத்துச்சு, உன் ஆண்ட்ராய்டு போன்ல இருக்கிறது என்ன'ன்னு சில பேர் சண்டைக்கு வருவாங்க. உண்மைதான், கெர்னல் அதுதான். 2017 நவம்பர்ல இருந்து உலகத்தின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர் மொத்தமும் லினக்ஸ்தான். நான் ஆணி பிடுங்குற சர்வரும் அதுலதான் ஓடுது. ஆனா லயன்ஸ் நடத்தின மாதிரி உள்ளே திறந்து பார்த்துக் கத்துக்கிறது இருக்கே, அது ஆலங்குடியில போன் வாங்குற பொண்ணுக்குக் கிடைக்கலையே. சீட்டுல உக்காந்து போறது வேற, ஓட்டுறது வேற.

புதுப் பாடத்திட்டத்துல பதினொன்னாம் வகுப்பில் உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் வந்துடுச்சு, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். தாமதம்னாலும் நல்ல விஷயம். எங்க ஊர்ல அதுக்கு முன்னாடியே ஒரு வேலை நடந்தது. புதுக்கோட்டை கணினித் தமிழ்ச் சங்கம் அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கூட்டி இணையத் தமிழ்ப் பயிற்சி முகாம் நடத்தினாங்க. கத்துக்கிட்டவங்களே அடுத்த முகாம்ல சொல்லிக்கொடுக்க வந்தாங்க. 2015 அக்டோபர் 11-ம் தேதி வலைப்பதிவர் திருவிழா புதுக்கோட்டையில நடந்ததும் அவங்க ஏற்பாட்டுலதான். வந்தவங்க இதைப் படிக்கிறவங்கள்லயே நிறைய பேர் இருப்பீங்க.

எனக்கு ஒன்னு தெரிஞ்சாகணும். அந்த லேப்டாப்ல பாஸை அழிக்காம வெச்சுப் பழகினவங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா, உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்கன்னு எழுதுங்க.