எதிர்ப்புப் பட்டைப் பயிற்சி

எதிர்ப்புப் பட்டைப் பயிற்சி என்பது இரப்பர் பட்டைகளை இழுத்து, அவை தரும் எதிர்விசைக்கு எதிராகத் தசைகளை இயக்கி வலுவூட்டும் உடற்பயிற்சி முறை ஆகும். பேச்சு வழக்கில் இப்பட்டை ரெசிஸ்டன்ஸ் பேண்ட் எனப்படுகிறது. இயன்முறை மருத்துவத்தில் பரவலாகப் பயன்படும் இம்முறை, துடுப்பாட்டம், சடுகுடு, தடகளம், நீச்சல் முதலிய விளையாட்டுகளின் வலுப் பயிற்சியிலும் இடம்பெறுகிறது. இரும்பு எடையின் சுமை மாறாதது. பட்டையின் சுமையோ அது இழுபடும் அளவைப் பொறுத்து மாறுவது. எனவே நீட்சியை அளக்காமல் செய்யும் பயிற்சியில் முன்னேற்றத்தைக் கணிப்பது கடினம்.

வரலாறு

1839 ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் இரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். இதன் பின்னரே நீண்டு மீண்டும் பழைய நிலையை அடையும் உறுதியான இரப்பர்ப் பொருட்கள் பெருகின. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவரில் பொருத்தி இழுக்கும் இரப்பர்க் கயிற்றுக் கருவிகள் மேலை நாடுகளில் விற்பனைக்கு வந்தன. 1978 இல் ஐக்கிய அமெரிக்காவில் அறிமுகமான தெராபேண்ட், வலுவுக்கேற்ப நிறம் பிரிக்கும் வழக்கத்தைப் பரப்பியது. பின்னர் லூயி சிம்மன்சு (1947–2022) என்னும் அமெரிக்கப் பயிற்றுநர், பளுக்கம்பியுடன் பட்டைகளை இணைத்துத் தூக்கும் முறையைப் பிரபலப்படுத்தினார்.

தமிழ்நாட்டில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியவை மரபான வலுப் பயிற்சிகள் ஆகும். பட்டை கிடைக்காதவிடத்து மிதிவண்டியின் பழைய உள்குழாயைப் பயன்படுத்துவதும் உண்டு. ஆனால் அதன் விசை அளவு அறியப்படாதது.

இயங்குமுறை

இழுவிசை நீட்சிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது இராபர்ட் ஊக்கு 1678 இல் வெளியிட்ட விதி. இரப்பர் இவ்விதிக்கு முழுமையாக உட்படாவிட்டாலும், நீட்சி கூடக் கூட விசையும் கூடுகிறது. பட்டைகளின் விசை, நீட்சி விழுக்காட்டைக் கொண்டு குறிக்கப்படுகிறது. கூடிய நீளத்தை ஓய்வு நீளத்தால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் இது கிடைக்கும்.

தெராபேண்ட் பட்டைகள் 100% நீட்சியில் தரும் விசை ஏறத்தாழப் பின்வருமாறு (கிலோகிராம் எடைக்கு நிகராக):

மஞ்சள் – 1.3
சிவப்பு – 1.7
பச்சை – 2.1
நீலம் – 2.6
கறுப்பு – 3.3
வெள்ளி – 4.6
பொன்னிறம் – 6.4

எடுத்துக்காட்டாக, 1 மீட்டர் நீளமுள்ள நீலப் பட்டையை 2 மீட்டராக இழுத்தால் நீட்சி 100%, விசை 2.6 கிலோ. அதே பட்டையை நடுவில் பிடித்து, 50 சென்டிமீட்டர் பகுதியை மட்டும் 1.5 மீட்டராக இழுத்தால் நீட்சி 200% ஆகும். விசை ஏறத்தாழ 3.9 கிலோவாக உயரும். இரு முறையும் கை நகர்ந்த தூரம் 1 மீட்டர்தான். ஆகவே பயிற்சிக் குறிப்பேட்டில் நிறத்துடன், பிடித்த நீளத்தையும் இழுத்த தூரத்தையும் எழுதுவது அவசியம். நிறங்களுக்குப் பொதுத் தரம் இல்லை. ஒரு நிறுவனத்தின் சிவப்பு மற்றொரு நிறுவனத்தின் சிவப்புக்கு நிகரன்று.

வீரர்களுக்கான பயன்பாடு

தோள்: பந்தை எறியும்போது கை மிகுந்த விரைவில் முன்னே செல்கிறது. பந்து கையை விட்டு நீங்கிய பின், தோளின் பின்புறத் தசைகளே கையின் வேகத்தைத் தணிக்கின்றன. முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகை மடக்கி, முன்னங்கையை வெளிப்புறமாகத் திருப்பிப் பட்டையை இழுக்கும் பயிற்சி இத்தசைகளை வலுப்படுத்தும்.

இடுப்பு: சிறு வளையப் பட்டையை முழங்கால்களுக்குச் சற்று மேலே மாட்டிப் பக்கவாட்டில் நடப்பது பிட்டத் தசைகளை இயக்கும். பக்கவாட்டில் விரைந்து திரும்பும் சடுகுடு ஆட்டத்திற்கு இது பொருந்தும்.

தொடக்க நிலையினர் வாரத்திற்கு 2 அல்லது 3 நாட்கள், ஒவ்வொரு பயிற்சியையும் 8 முதல் 15 தடவை வீதம் 2 அல்லது 3 சுற்றுகள் செய்யலாம். 15 தடவையும் நிலை பிசகாமல் செய்ய முடிந்தபின் அடுத்த வலுவுள்ள பட்டைக்கு மாறலாம். பட்டை திரும்பும்போது அதை மெதுவாக விடவேண்டும். சட்டென்று விட்டால் பயிற்சியின் பாதிப் பயன் போய்விடும்.

சென்னையின் மேற்குப் புறநகரில்

பூந்தமல்லி செல்லும் சாலையில் உள்ள போரூரில், ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறிவியல் மையம் அமைந்துள்ளது. ஐயத்துக்குரிய பந்துவீச்சு முறைகளைச் சோதிக்கும் இடமாகப் பன்னாட்டுத் துடுப்பாட்ட அவை 2014 இல் இதற்கு ஏற்பளித்தது. பந்துவீச்சில் முழங்கை நீட்சி 15 பாகையைத் தாண்டக்கூடாது என்பது விதி.

ஆவடியில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகள் உள்ளன. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் காவலர் உடற்திறன் தேர்வில் ஆண்களுக்குக் கயிறு ஏறுதலும், பெண்களுக்குக் குண்டு அல்லது துடுப்பாட்டப் பந்து எறிதலும் இடம்பெற்று வந்துள்ளன. பணம் கட்டி உடற்பயிற்சிக் கூடத்தில் சேர இயலாதவர்கள் இவற்றுக்குப் பட்டை கொண்டு ஆயத்தமாக முடியும். எறிதலுக்கு மேற்கூறிய தோள் பயிற்சி உதவும். கயிறு ஏறுவோர், உயரமான கம்பியில் வளையப் பட்டையை மாட்டி அதில் காலை ஊன்றி உடலை மேலே இழுத்துப் பழகலாம். இங்கு பட்டை எதிர்ப்பாக அன்றி உதவியாக அமைகிறது. கீழே இருக்கும்போது அதிகமாகவும் மேலே செல்லச் செல்லக் குறைவாகவும் அது தாங்கும். வாரங்கள் செல்லச் செல்ல மெல்லிய பட்டைக்கு மாறி, இறுதியில் பட்டையின்றி ஏறவேண்டும். தேர்வுக் களத்தில் பட்டை இராது.

வரம்புகள்

பட்டைப் பயிற்சியும் எடைப் பயிற்சியும் ஏறத்தாழ ஒத்த வலுவையே தருகின்றன என 2019 இல் வெளியான மீளாய்வு ஒன்று தெரிவித்தது. எனினும், ஏற்கனவே வலுமிக்க வீரரின் கால்களுக்குப் பட்டை மட்டும் போதிய சுமையைத் தராது. பளுதூக்குவோருக்கு இது துணைப் பயிற்சியே. பந்துவீசும் அசைவைக் கனமான பட்டையுடன் அப்படியே செய்து பார்ப்பதும் நன்றன்று. கை மிக விரைவாகச் செல்ல வேண்டிய இறுதிக் கட்டத்தில் பட்டை மிகுதியாகப் பின்னிழுத்து அசைவை மாற்றிவிடும்.

பாதுகாப்பு

வெயிலும் சூடும் இரப்பரை வெடிக்கச் செய்யும். சென்னையின் கோடையில் பட்டையை மொட்டைமாடியிலோ வண்டியிலோ விட்டுவைக்கக் கூடாது. கீறல், துளை, நிறமாற்றம் தென்பட்டால் பட்டையை உடனே நீக்கவேண்டும். துருவேறிய சன்னல் கம்பியிலோ கூர்விளிம்புள்ள கதவிலோ கட்டுதல் ஆபத்தானது. அறுந்த பட்டை கண்ணைத் தாக்கக்கூடும் என்பதால் முகத்தை நோக்கி இழுப்பதைத் தவிர்க்க வேண்டும். ஓய்வு நீளத்தின் மூன்று மடங்குக்கு மேல் நீட்டுதல் கூடாது. இரப்பர்ப் பால் ஒவ்வாமை உடையோர் இரப்பர்ப் பால் கலவாத பட்டைகளைப் பயன்படுத்தலாம். தோளிலோ மூட்டிலோ வலி நீடித்தால், பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

இயன்முறை மருத்துவம்
கர்லாக்கட்டை
பளுதூக்குதல்
மீள்தன்மை