ஒரு கேடயத்தில் இரண்டு சபைகள்

நம்மூரில் மேசன் என்றால் சுவர் எழுப்புபவர். ஆங்கிலச் சொல்தான், ஆயினும் நம் பேச்சில் அது ஊறிவிட்டது. 'பிறீமேசன்' என்ற பெயர் ஒருநாள் வகுப்பிலே அடிபட்டபோது, "சேர், அவர்கள் கூலி வாங்காமல் வீடு கட்டுபவர்களா?" என்று உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி முற்றாகப் பிழையானதன்று. கல்லையும் சாந்தையும் தொடாதவர்கள், கற்றச்சரின் கருவிகளை ஒழுக்கத்தின் குறியீடுகளாகக் கொண்டு அமைத்த சகோதரத்துவ அமைப்புத்தான் அது. மூலைமட்டம் நேர்மையைக் குறிக்கும். கவராயம் அடக்கத்தைக் குறிக்கும். நீர்மட்டம் சமத்துவத்தைக் குறிக்கும். நேயர்களே, இங்கிலாந்தின் பிறீமேசன் பெருஞ்சபையுடைய மரபுச் சின்னம் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். சண்டை பிடித்த இரண்டு சபைகள் சமாதானமான கதை அந்தக் கேடயத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

மரபுச் சின்னம் போர்க்களத்திற் பிறந்தது. தலை முழுவதையும் இரும்புக் கவசம் மறைத்தபோது, உள்ளே இருப்பவர் யாரென்று காட்டக் கேடயத்திலே குறி தீட்டினார்கள். இது நமக்குப் புதிதன்று. மூவேந்தரின் படைகளைப் பிரித்தறியப் பனை, வேம்பு, ஆத்தி ஆகியவற்றின் பூக்களைச் சூடியமை பற்றித் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகிறது. ஐரோப்பாவிலே இந்தக் குறிகள் காலப்போக்கில் குடும்பச் சொத்தாயின. பின்னர் நகரங்களும் தொழிற்கூட்டங்களும் தமக்கும் சின்னம் வேண்டுமென்றன.

1472ஆம் ஆண்டில் இலண்டன் கற்றச்சர் கூட்டம் அப்படியொரு சின்னத்தைப் பெற்றது. வழங்கியவர் 'கிளாரன்சோ' என்னும் பதவிப் பெயருடைய அரச கட்டியக்காரர் வில்லியம் ஹோக்ஸ்லோ. கறுப்புத் தளத்திலே வெள்ளி நிறத்தில் கூரை முகடு போன்ற பட்டை. அதனைச் சூழ மூன்று கோட்டைகள். பட்டையின் மேல் விரிந்த கவராயம். கோட்டைகளின் கதவும் யன்னலும் என்ன நிறம் என்பது வரையில் அந்த ஆவணம் சொல்கிறது. சின்னக் கலையில் மூலம் படமன்று, சொல்லே. சொற்களாலான விவரணையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ஓவியரும் சின்னத்தை வரையலாம். கறுப்புக்குச் 'சேபிள்', சிவப்புக்குக் 'கியூல்ஸ்' என்று பழைய பிரெஞ்சுச் சொற்களை இன்றும் விடாமற் பிடித்திருக்கிறார்கள். சூத்திரமும் உரையும் படித்த எனக்கு இந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கற்றச்சர் கூட்டத்துக்கு அரச சாசனம் கிடைத்தது 1677இல். சின்னமோ அதற்கு 205 ஆண்டுகள் முந்தியது.

பிறீமேசன்கள் தமது முதற் பெருஞ்சபை 1717இல் இலண்டனில் உருவானதாக மரபாகக் கூறுவர். சற்றுப் பின்னர், 1721 அளவில் என்பாரும் உளர். இவர்கள் கற்றச்சரின் கோட்டைகளையும் கவராயத்தையும் எடுத்துக்கொண்டார்கள். காலப்போக்கில் தளத்தின் கறுப்பு சிவப்பாயிற்று. கேடயத்தை இருபுறமும் தாங்கி நிற்க நீர்நாய்போல் நீரில் வாழும் பீவர் என்ற விலங்குகளை வைத்தார்கள். பீவர் மரத்தை அறுத்து ஆற்றிலே அணை கட்டும் பிராணி. கட்டடக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான விலங்கு கிடைப்பது அரிது.

1751இல் எதிர்ச்சபை ஒன்று எழுந்தது. அதில் இலண்டனுக்குத் தொழில் தேடி வந்த அயர்லாந்துக்காரர் பலர் இருந்தனர். அடுத்த ஆண்டில் அதன் செயலாளரான லோறன்ஸ் டெர்மொற்றும் அயர்லாந்துக்காரர்; வர்ணம் பூசும் தொழிலாளி; கூர்மையான பேனாக்காரர். பழைய சபை மரபை மாற்றிவிட்டது, உண்மையான தொன்மை எம்மிடமே உள்ளது என்றார்கள் புதியவர்கள். தமக்குப் 'பழையோர்' என்றும் தம்மினும் மூத்த சபைக்கு 'நவீனர்' என்றும் பெயர் சூட்டினார்கள். விசித்திரம் என்னவென்றால், வசைப்பெயராக வந்த 'நவீனர்' என்பதே வரலாற்று நூல்களில் மூத்தவர்களுக்கு நிலைத்துவிட்டது. பட்டப்பெயர் வைப்பதில் முந்திக்கொள்பவருக்கு எவ்வளவு பலம் என்பதைப் பாடசாலை ஆசிரியர் எவரும் அறிவர்!

பழையோருக்குத் தனிச் சின்னம் வேண்டியிருந்தது. டெர்மொற் தமது சபை விதிநூலின் 1764ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனை வெளியிட்டார். ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்தவரும் சாலமோன் ஆலயத்தின் மாதிரியைச் செய்து புகழ் பெற்றவருமான யூத அறிஞர் யாக்கோப் யெகூதா லியோனின் சேகரிப்பிலிருந்து அது கிடைத்ததாக எழுதினார். கேடயத்தைச் சிலுவைக்கோடு நான்காகப் பிரிக்கிறது. நான்கிலும் சிங்கம், எருது, மனிதன், கழுகு. எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட காட்சியில் வரும் நான்கு முகங்கள் இவை. இஸ்ரவேல் கோத்திரங்களில் தலைமையான நான்கின் கொடிகள் என்றும் விளக்குவர். கேடயத்தின் மேலே உடன்படிக்கைப் பெட்டி; தாங்கி நிற்பவை கேருபீன்கள். கோட்டை, கவராயம், பீவர் என்பன தொழிலைப் பேசுகின்றன. இவையோ வேதத்தைப் பேசுகின்றன. இரு சபைகளின் மனப்போக்கு வேறுபாட்டை இங்கேயே கண்டுகொள்ளலாம்.

அறுபது ஆண்டுக்கு மேலாக நீடித்த பகை, மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் இரு புதல்வர்களால் முடிவுக்கு வந்தது. 1813இல் நவீனரின் தலைவராகச் சசெக்ஸ் கோமகனும், பழையோரின் தலைவராகக் கென்ற் கோமகனும் அமைந்தார்கள். இரு சகோதரத்துவங்களை இரு சகோதரர் இணைக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 27ஆம் திகதி இலண்டன் பிறீமேசன் மண்டபத்தில் இணைப்பு நிகழ்ந்தது. கென்ற் கோமகன் விலகித் தம்பியின் பெயரை முன்மொழிந்தார். (பின்னாளில் விக்டோரியா மகாராணிக்குத் தந்தையானவர் இவரே.) இனிச் சின்னம் யாருடையது?

ஒரே கேடயத்தை நடுவே நெடுங்கோட்டாற் பிரித்து, பக்கம் பக்கமாக இரண்டையும் வைத்தார்கள். சின்னக் கலையில் இது கணவன் மனைவியர் குடும்பச் சின்னங்களை இணைக்கும் முறை. கேடயத்தின் வலப்பக்கமே உயர்ந்தது. வலம் என்பது கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலம். பார்க்கும் நமக்கு அது இடம். அந்த உயர்ந்த பக்கம் கோட்டைக்கும் கவராயத்துக்கும் கிடைத்தது; அதாவது மூத்த சபைக்கு. ஆனால் கேடயத்துக்கு வெளியே பாருங்கள். மேலே பழையோரின் பெட்டி. இருபுறமும் பழையோரின் கேருபீன்கள். பாவம், பீவர்கள் எங்குமில்லை. மூத்தவருக்கு மரியாதையான இடம்; இளையவருக்கு மேலும் பக்கமும். பேரம் எப்படி முடிந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இதனோடு சோழரின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. புலி வீற்றிருக்கிறது; அருகே பாண்டியரின் இரட்டைக் கயல்; கூடவே சேரரின் வில். அங்கேயும் பல சின்னங்கள் ஒன்றாக உள்ளன. ஆனால் அது வென்றவன் செதுக்கிய முத்திரை. கயலையும் வில்லையும் யாரும் கேட்டு வைக்கவில்லை.

இணைந்த சின்னத்தைச் சபை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வழங்கி வந்தது. முறைப்படி அது யாராலும் வழங்கப்படவில்லை. இங்கிலாந்தில் சின்னம் வழங்கும் உரிமை மன்னருடையது. அதனை அவர் சார்பிற் செய்வது 'கொலேஜ் ஒஃப் ஆம்ஸ்'. மூன்றாம் றிச்சட் மன்னர் 1484இல் சாசனம் அளித்த நிறுவனம். கொலேஜ் என்றாலும் அங்கே பாடமும் இல்லை, பரீட்சையும் இல்லை, கட்டியக்காரர்களே இருக்கிறார்கள். 1530 முதல் 1688 வரை இவர்கள் மாவட்டந்தோறும் சென்று, உரிமையின்றிச் சின்னம் வைத்திருப்போரைத் தேடிப் பிடித்தார்கள். பின்னர் அந்தக் கெடுபிடி ஓய்ந்தது. பிறீமேசன் சபை விண்ணப்பித்து முறையான வழங்கலைப் பெற்றது 1919இல்தான். அப்போது கேடயத்தைச் சுற்றிச் சிவப்புக் கரை ஒன்று சேர்க்கப்பட்டது. அதிலே எட்டுப் பொற்சிங்கங்கள். இங்கிலாந்து அரச கேடயத்தில் நிற்கும் அதே சிங்கங்கள். அரச குடும்பத்தினர் தலைமை தாங்கியதற்கான நினைவு அது. அந்த ஆண்டிலும் தலைவர் ஓர் அரசகுமாரரே, கொனோட் கோமகன்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. நீர்மட்டத்தைச் சமத்துவத்தின் குறியாகக் கொண்டவர்கள், அரசனின் சிங்கத்தை ஏன் கேட்டு வாங்க வேண்டும்? பெருமைக்காக என்று சொல்லிவிடலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் 1799ஆம் ஆண்டை மறந்துவிட்டு இதற்கு விடை சொல்ல இயலாது. பிரெஞ்சுப் புரட்சியின் அச்சத்திலே, இரகசியப் பிரமாணம் எடுக்கும் சங்கங்களை ஒடுக்கப் பிரித்தானியப் பாராளுமன்றம் அவ்வாண்டிற் சட்டம் இயற்றியது. பிறீமேசன்களுக்கு விலக்குக் கிடைத்தது, ஆனால் நிபந்தனையோடு. ஒவ்வொரு கிளைச் சபையும் தன் உறுப்பினரின் பெயர், தொழில் விபரங்களை ஆண்டுதோறும் மாவட்ட அதிகாரியிடம் கையளிக்க வேண்டும். கேள், பார், மௌனமாயிரு என்ற பொருளுடைய இலத்தீன் வாசகத்தை இந்தக் கேடயத்தின் கீழே பொறித்தவர்கள், தம்மவரின் பெயர்ப் பட்டியலை வருடாவருடம் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியவர்களாயும் இருந்தார்கள். அரசகுமாரர்கள் தலைமை ஏற்றதும், 1813இல் பகை மறந்து ஒரே சபையானதும் இந்தச் சந்தேகத்தின் நிழலிலேதான். அரசு ஐயுற முடியாத இடம் ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. எட்டுச் சிங்கங்களும் அந்த இடத்துக்கு இட்ட வேலி என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் 1919இல் சிங்கங்கள் வந்த பின்னரும் அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது. அது நீக்கப்பட்டது 1967ஆம் ஆண்டில்.