திரையில் கூடிய தலைவர்கள்

2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பின் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் தலைவர்களின் உச்சி மாநாடு நடக்கவே இல்லை. 2020 மார்ச் 15 அன்று கொரோனா அவர்களைக் காணொளியில் கூட்டியது. அவசர நிதிக்கு இந்தியா 1 கோடி டாலர் அறிவித்தது. பதினோரு நாளில் ஜி-20 தலைவர்களும் திரைக்கு வந்தார்கள்.

செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை. நியூயார்க் அரங்கில் முகக்கவசம் அணிந்த தூதர்கள் இடைவெளி விட்டு அமர்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து அறிமுகம் செய்ய, முன்பே பதிவான தலைவரின் உரை பெருந்திரையில் ஓடியது. தாழ்வாரத்தில் தனியாக நின்று பேசிச் சிக்கலைத் தீர்க்கும் வாய்ப்பு போயிற்று. அது பெரிய இழப்புதான்.

அம்மாதம் 26-ஆம் தேதி இந்தியப் பிரதமர் மோடியும் அப்போதைய இலங்கைப் பிரதமர் மகிந்த ராஜபக்சவும் காணொளியில் சந்தித்தார்கள். பௌத்த உறவுகளுக்கு இந்தியா 1.5 கோடி டாலர் மானியம் அறிவித்தது. ஈழத்தமிழர் எதிர்பார்த்த, இலங்கை அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தத்தை நடைமுறைப்படுத்துமாறு மோடி வலியுறுத்தினார்.