சில்லறை மூட்டையும் வங்கிக் கவுன்டரும்

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் உண்டியல் திறக்கும் நாளில் கோயில் பணியாளர்களும் தன்னார்வலர்களும் வங்கி ஊழியர்களும் வரிசையாக உட்கார்ந்து எண்ணுவார்கள். நோட்டு ஒரு பக்கம், நாணயம் ஒரு பக்கம், பொன் வெள்ளி ஒரு பக்கம் என்று ரகம் பிரிப்பார்கள். எண்ணிய தொகை வங்கிக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் அதே ஊரில் டீக்கடைக்காரருக்கும் பூ விற்கும் அம்மாவுக்கும் பொழுதுக்கும் சேரும் சில்லறையை எண்ணித் தர யாரும் வருவதில்லை. அவர்கள்தான் அதைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டும்! இந்தச் சிரமம் இன்று நேற்று வந்ததல்ல. இதற்கு நீண்ட வரலாறு உண்டு.

காசும் வட்டமும்

1801-இல் கர்நாடக நவாப்பின் ஆட்சிப்பகுதி முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அன்றைய சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசுகள்! கம்பெனி தன் செம்பு நாணயத்துக்கு வைத்த 'கேஷ்' என்ற பெயரே நம்முடைய 'காசு' என்ற சொல்லிலிருந்து போனதுதான்.

இந்தக் காசுகளை இங்கிலாந்தில் அச்சடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் கென்ட் கரைக்கு அருகே புயலில் சிக்கி மூழ்கியது. சென்னைக்கு வரவேண்டிய 10 காசு, 20 காசு நாணயங்கள் அதில் டன் கணக்கில் இருந்தன. 1980-களில் அவற்றில் பல லட்சம் நாணயங்களைக் கடலடியிலிருந்து மீட்டார்கள்.

செம்புக்காசைச் சேர்த்து வைத்திருப்பவர் அதை வெள்ளியாகவோ பொன்னாகவோ மாற்ற வேண்டுமென்றால் காசுக்கடைக்குப் போக வேண்டும். அங்கே உள்ள சராப்பு எண்ணிப் பார்த்து, தரம் பார்த்து, தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். அந்தப் பிடித்தத்துக்குப் பெயர் 'வட்டம்'. ஆகச் சில்லறை வைத்திருந்தவருக்கு அன்றே நஷ்டம் இருந்தது.

சட்டம் போட்ட எல்லை

இங்கிலாந்தில் 1816-இல் வந்த நாணயச் சட்டம் தங்கத்தை முதன்மைப் பணமாக்கியது. வெள்ளி நாணயத்தை 40 ஷில்லிங் வரை மட்டுமே கடனுக்கு ஈடாக வாங்கியாக வேண்டும் என்று அது விதித்தது. இந்தியாவிலும் கம்பெனி ஆட்சியிலேயே செம்புக்காசு ரூபாயின் பின்னத்துக்கு மட்டும் செல்லும் என்ற விதி வந்தது. காரணம் எளியது. நாணயத்தில் உள்ள உலோகத்தின் மதிப்பு அதன் முகமதிப்பைவிடக் குறைவு. மேலும் பெருங்கடனை மூட்டைச் செம்பில் தீர்த்தால் வாங்குபவர் எண்ணியே களைத்துப்போவார்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணயம் வந்தது. 16 அணாவும் 64 பைசாவும் 192 பையும் கொண்ட ரூபாய் 100 நயா பைசாவானது. அணா போனாலும் பெயர் போகவில்லை. 25 பைசா 'நாலணா'வாகவும் 50 பைசா 'எட்டணா'வாகவும் மக்கள் வாயில் நிலைத்தன. நாலணாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போயின.

அதே 2011-இல் வந்த நாணயச் சட்டத்திலும் பழைய எல்லைக்கோடு தொடர்கிறது. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்கள் 1,000 ரூபாய் வரைக்கும், 50 பைசா 10 ரூபாய் வரைக்கும் சட்டப்படி செல்லும். அதற்கு மேல் நாணயமாகக் கொடுத்தால் வாங்க மறுக்க எதிராளிக்கு உரிமை உண்டு.

ஆனால் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த 1,000 ரூபாய் எல்லை வங்கியில் பணம் போடுவதற்குப் பொருந்தாது. வாடிக்கையாளர் எவ்வளவு நாணயம் வேண்டுமானாலும் கணக்கில் செலுத்தலாம் என்பதே ரிசர்வ் வங்கியின் நிலை. எடை போட்டு வாங்கலாம், நூறு நூறாகப் பையில் கட்டி வாங்கலாம் என்று வழியும் சொல்லியிருக்கிறது.

பத்து ரூபாய் படுத்திய பாடு

விதி இப்படி இருந்தாலும் நடைமுறை வேறாக இருந்தது. 2016 நவம்பர் பணமதிப்பிழப்புக்குப் பிறகு நாணயம் பெருமளவில் புழக்கத்துக்கு வந்தது. 2018 ஜனவரியில் நாணயச் சாலைகளே இடமில்லாமல் அச்சடிப்பைச் சிறிது காலம் நிறுத்தின. அதற்குள் 10 ரூபாய் நாணயத்தில் கோடுகளின் எண்ணிக்கை மாறுகிறது, அது கள்ளக்காசு என்ற வதந்தி பரவியது. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி அந்த மாதமே அறிவித்தது. அப்படியும் சென்னையில் தாராளமாக ஓடிய நாணயத்தைத் தென்மாவட்டக் கடைகள் பலவற்றில் கையால் தொட மறுத்தார்கள்.

2022-இல் தர்மபுரி மாவட்டத்து இளைஞர் ஒருவர் சேலத்தில் 6 லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயமாகவே கொடுத்துக் கார் வாங்கினார். ஒரு நாணயம் 7.71 கிராம். 60,000 நாணயம் என்றால் 460 கிலோவுக்கு மேல்! செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்ன காரணம் சிரிப்புக்குரியதல்ல. தாயாரின் கடையில் சேர்ந்த நாணயத்தை வாடிக்கையாளர்களும் வாங்கவில்லை, வங்கிகளும் எண்ண ஆளில்லை என்றன என்றார் அவர்.

பெரிய நோட்டு வைத்திருப்பவருக்கு வங்கியில் சில நிமிட வேலை. 10,000 ரூபாயை ஒரு ரூபாய் நாணயமாக வைத்திருப்பவருக்கு, புதிய நாணயமாக இருந்தாலும், சுமை மட்டுமே ஏறக்குறைய 31 கிலோ. இரண்டும் ஒரே தொகைதான். காசுக்கடைக் காலத்தில் சில்லறைக்காரர் கொடுத்த விலைக்கு வட்டம் என்று ஒரு பெயராவது இருந்தது. கடையை அடைத்துவிட்டு மூட்டையோடு போய், நாளைக்கு வரச்சொல்லித் திரும்பி வரும்போது போகும் அரைநாள் வியாபாரம் எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. வாங்கியாக வேண்டும் என்ற விதி ஏட்டில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் தைரியம் சில்லறை மூட்டையோடு நிற்பவருக்கும் வரவேண்டும்.