ஷாம்பு போத்தலில் 'டெசில் குளுக்கோசைட்' - அப்படின்னா என்ன?

குழந்தைகளுக்கான ஷாம்பு, முகம் கழுவும் திரவம், 'சல்ஃபேட் இல்லை' என்று விளம்பரப்படுத்தப்படும் குளியல் ஜெல்... போத்தலைத் திருப்பிப் பாருங்கள். டெசில் குளுக்கோசைட் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். இல்லாவிட்டால் அதன் சொந்தக்காரர்கள்: கோகோ குளுக்கோசைட், லோரில் குளுக்கோசைட்.

"செடியிலிருந்து வந்தது, அதனால் மென்மையானது" என்பார்கள். முதல் பாதி ஓரளவு சரி. 'அதனால்' என்பதுதான் இடிக்கிறது.

எப்படித் தயாராகிறது?

சோள மாவிலிருந்து குளுக்கோஸ் எடுக்கப்படுகிறது. தேங்காய் எண்ணெய் அல்லது நம் வட்டாரத்தில் தாராளமாகக் கிடைக்கும் செம்பனை விதை எண்ணெயிலிருந்து கொழுப்பு ஆல்கஹால். இரண்டையும் அமிலத்தின் உதவியோடு ஆலையில் இணைக்கிறார்கள். ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1893இல் விவரித்த முறைதான் இதற்கு அடிப்படை. ஆக, மூலப்பொருள்தான் செடி. இலையைப் பிழிந்தெடுத்த சாறு இல்லை.

சர்க்கரைப் பகுதி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்ப் பகுதி பிசுக்கைப் பிடித்துக்கொள்ளும். கழுவும்போது இரண்டும் சேர்ந்து போய்விடும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை வருவதும் ஏறக்குறைய இப்படித்தான். அவற்றில் உள்ள சப்போனினிலும் ஒரு பக்கம் சர்க்கரை, மறுபக்கம் எண்ணெயோடு ஒட்டும் பகுதி.

மென்மைக்கு என்ன காரணம்?

இதற்கு மின்னூட்டம் இல்லை. அதனால் சருமத்தின் புரதங்களோடு அவ்வளவாக ஒட்டுவதில்லை. பலரும் பயப்படும் சோடியம் லோரில் சல்ஃபேட்டுக்கு மின்னூட்டம் உண்டு, எரிச்சலும் அதிகம். ஆனால் அதையும் தேங்காய், செம்பனை விதை எண்ணெயிலிருந்தே தயாரிக்க முடியும்! செடியா இல்லையா என்பது மென்மையைத் தீர்மானிப்பதில்லை.

வீட்டிலேயே ஷாம்பு செய்ய இணையத்தில் இதை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூலப்பொருளாக வரும்போது இதன் காரத்தன்மை அதிகம், பிஎச் அளவு 11க்கும் மேல் இருக்கலாம். நம் சருமத்தின் அளவு சுமார் 5. நிறுவனங்கள் சிட்ரிக் அமிலம் சேர்த்து அதைக் குறைக்கின்றன. அளந்து பார்க்காமல் குழந்தையின் தலையில் தேய்த்துவிடாதீர்கள்.

ஒவ்வாமை வருமா?

சிலருக்கு வரும். அமெரிக்கத் தொடுசரும அழற்சிச் சங்கம் 2017ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இந்தக் குளுக்கோசைட் வகையைத்தான் அறிவித்தது. எல்லாருக்கும் ஆபத்து என்று அர்த்தமில்லை. மருத்துவர்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காக.

சிக்கல் எங்கே என்றால், ஏற்கெனவே தோல் அழற்சி உள்ளவர்கள்தான் 'மென்மையான' பொருளைத் தேடிப் போகிறார்கள். அரிப்பு கூடினாலும் அதன்மேல் சந்தேகம் வராது. சில சன்ஸ்கிரீன்களிலும் இது இருக்கிறது. ஷாம்புவைக் கழுவிவிடுவோம், சன்ஸ்கிரீன் மணிக்கணக்கில் தோலிலேயே இருக்கும்.

ஆசியான் விதிகளின்படி, அழகுசாதனப் பொருள்களின் பட்டியலில் அதிகம் உள்ளது முதலில் வர வேண்டும். 1 விழுக்காட்டுக்குக் குறைவானவற்றை அதன்பின் எந்த வரிசையிலும் போடலாம்.

சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவரிடம் ஒட்டுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். முதுகில் சிறு பட்டைகளை ஒட்டி, சுமார் 2 நாளில் எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு இன்னொரு முறையும் பார்ப்பார்கள். போகும்போது ஷாம்பு, சன்ஸ்கிரீன் எல்லாவற்றையும் போத்தலோடு கையில் எடுத்துச் செல்லுங்கள்.