யார் இந்த ஏ.ரேவதி? தமிழ்த் திருநங்கையின் பெயர் நியூயார்க் நூலகத்தில் ஏறியது எப்படி?

மந்தைவெளி ஸ்டேஷனில் பறக்கும் ரயிலுக்காக நிற்கும்போது கைதட்டும் சத்தம் கேட்டால், நம்மில் பலர் சட்டென செல்போனைப் பார்க்க ஆரம்பிச்சுடுவோம். எதிரே நிற்கும் திருநங்கைக்கும் ஒரு வீடு இருந்திருக்கும், அதை விட்டு ஏன் வந்தார்னு யோசிக்கிறது குறைவுதான். அந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலாக எழுதி, மேடையில் நடித்தும் காட்டியவர் ஏ.ரேவதி.

யார் இவர்?

நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் ஆண் பிள்ளையாக வளர்க்கப்பட்டவர். சிறுவயதில் ஊர்க் கோயில் திருவிழாவில் குறத்தி வேஷம் கட்டி ஆடினார். ஊரே ரசித்தது. அவருக்கோ அது வேஷமாகவே தோன்றவில்லை. பிறகு வீட்டை விட்டுப் போய்த் திருநங்கைகளோடு இருந்துவிட்டுத் திரும்பியபோது, அண்ணனிடம் கிரிக்கெட் மட்டையால் அடி வாங்கினார். திருவிழாவில் ரசித்ததை வீட்டில் யாரும் ஏற்கவில்லை.

டெல்லி, மும்பை, பாலியல் தொழில், போலீஸ் வன்முறை எனப் பல வருஷம் போனது. 1999-ல் பெங்களூருவில் பாலினச் சிறுபான்மையினருக்காக இயங்கிய சங்கமா அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தார்.

எழுத்து எப்போது போராட்டமானது?

ரேவதி முதலில் சொன்னது தன் கதையை இல்லை. மற்ற திருநங்கைகளைச் சந்தித்து, அவர்கள் சொன்னதைத் தொகுத்து 2004-ல் ‘உணர்வும் உருவமும்’ நூலைக் கொண்டுவந்தார். அடுத்ததுதான் சுயசரிதை. அதை அவர் எழுதியது தமிழில். ஆனால் முதலில் வெளிவந்தது ஆங்கிலத்தில்! எழுத்தாளர் வ.கீதாவின் மொழிபெயர்ப்பை 2010-ல் பெங்குயின் வெளியிட்டது. தமிழில் ‘வெள்ளை மொழி’ 2011-ல் வந்தது. பின்னர் நாடக இயக்குநர் அ.மங்கையின் இயக்கத்தில் அதைத் தனிநபர் நாடகமாக ரேவதியே நடித்தார்.

நியூயார்க்கில் என்ன நடந்தது?

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பட்லர் நூலக முகப்பில் ஹோமர், பிளேட்டோ போன்ற ஆண்களின் பெயர்கள் மட்டுமே செதுக்கப்பட்டுள்ளன. 2019-ல் அவற்றுக்கு மேலே பெண் எழுத்தாளர்கள் 8 பேரின் பெயர்களோடு ஒரு பேனர் கட்டப்பட்டது. டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ ஆகியோருடன் ஏ.ரேவதியின் பெயரும் அதில் இருந்தது.

அவருக்குப் பின்?

2007-ல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் சுயசரிதை தமிழில் வந்தது. அதை வைத்து எடுத்த கன்னடப் படத்தில் நடித்த சஞ்சாரி விஜய் தேசிய விருது பெற்றார். 2014-ல் தோழர்களோடு சேர்ந்து சென்னையில் ‘பன்மை’ நாடகக் குழுவையும் வித்யா தொடங்கினார்.

இது ஏன் முக்கியம்?

தமிழக அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது 2008-ல். மூன்றாம் பாலினத்தைச் சுப்ரீம் கோர்ட் அங்கீகரித்தது 2014-ல். இவை இரண்டுக்கும் முன்பே, 2004-லேயே, திருநங்கைகளின் வாழ்க்கையை அவர்கள் சொன்னபடியே தமிழில் அச்சேற்றியவர் ரேவதி. அடையாள அட்டையை அரசு கொடுத்துவிடும். மட்டையோடு நிற்கும் அண்ணனிடம் எந்த அட்டையைக் காட்டுவது? அங்கேதான் ‘வெள்ளை மொழி’ தேவைப்படுது. பிள்ளையைப் புரிஞ்சுக்க முடியாமல் தவிக்கும் எந்த வீட்டிலும் அதைத் தமிழிலேயே படிக்கலாம்.